ஆறாவது கோடு

லாரியின் ஆறு ஹப்பையும் கழற்றிப் பார்த்து முடித்துவிட்டேன் என்று நான் சொன்னது பொய். ஐந்தைத்தான் பார்த்தேன். ஆறாவதில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்ததோடு சரி.

வண்டி எம்35ஏ2. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் பாரம் சுமக்கும் லாரி. ரியோ நிறுவனம் 1950 வாக்கில் கொண்டுவந்த வடிவம்; வியட்நாமில் பேர் வாங்கியது. ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வரும்போது என்னைப் போன்ற பைத்தியங்கள் வாங்கிவிடுகிறோம். டெக்சாஸில் என் வீட்டுப் பின்புறம் இடப்பக்கம் வேலியை ஒட்டி நிற்கும் இது 1971ஆம் வருடத் தயாரிப்பு. காலி வண்டியே ஏறக்குறைய 6 டன். மூன்று அச்சு, மூன்றிலும் இழுவை. முன்னால் இரண்டு டயர், பின்னால் எட்டு. டயர் பத்தானாலும் ஹப் ஆறுதான்.

ஒரு ஹப்பைத் திறப்பது அரைநாள் வேலை. ஆக்சில் ஷாஃப்டை உருவ வேண்டும். உள்ளே ஸ்பிண்டிலில் ஒரு பெரிய நட்டு, அதற்கடுத்து ஒரு பூட்டுவாஷர், அதற்கும் உள்ளே இன்னொரு நட்டு. இரண்டு நட்டுக்கும் மூன்றங்குல எண்கோண சாக்கெட் வேண்டும். டிரம்மை இழுத்தெடுத்து, பேரிங்கைக் கழுவி, உருளைகளில் குழி விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, புது கிரீஸ் திணித்து, சீல் மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். உள்நட்டை இறுக்கும்போது டிரம்மைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இறுக்கி முடித்ததும் எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும். இறுக்கமாக விட்டால் பேரிங் வெந்துபோகும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும்.

இடப்பக்கச் சக்கரங்களில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே மரை தலைகீழ். கழற்ற வலப்புறம் திருக வேண்டும். ஸ்டட் முனையில் 'எல்' என்று பொறித்தே இருக்கும். நான் பார்க்கவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றேன். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனதில் ஸ்டட் முறிந்தது. சத்தம் கேட்டு வந்த மனைவியிடம் "பழைய இரும்பு, துருவேறிப் போச்சு" என்றேன். இந்தக் கதையில் முதல் பொய் அது. சின்னப் பொய்தான். ஆனால் அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஹப்பும் முடிந்ததும் நட்டுக்கும் ரிம்முக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு இழுப்பேன். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். 'இதை நான் பார்த்துவிட்டேன்' என்று போடும் கையெழுத்தும் அதுதான். ஐந்து கையெழுத்து ஒழுங்காக விழுந்தது. ஆறாவது, இடப்பக்கம் கடைசி. வேலிக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் குனியத்தான் இடம். உள்டயரைப் பிடித்திருக்கும் நட்டு துருவில் உறைந்துபோய் அசையவே இல்லை. துருநீக்கி எண்ணெய் அடித்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை.

களைப்பு, குளிர், இடநெருக்கடி என்று காரணம் அடுக்கலாம். எல்லாம் உண்மைதான், ஆனால் எதுவும் காரணம் இல்லை. நாமக்கல்லிலிருந்து மாமனார் வந்துகொண்டிருந்தார். ஆயுள் முழுக்க லாரிப் பட்டறையில் கழித்த மனுஷர். போனில் அவரிடம், "ஹப் வேலையெல்லாம் முடிஞ்சுதுங்க மாமா" என்று முந்திக்கொண்டு சொல்லியிருந்தேன். சொன்னதற்கு ஏற்ப வேலையை முடித்திருக்கலாம். நான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். ஆறாவது கோடு மற்ற ஐந்தையும்விட நேராக வந்தது.

வந்தவர் களைப்பைக்கூடப் பாராமல் வண்டியைச் சுற்றிவந்து, சக்கரம் சக்கரமாகக் குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"ஆறும் முடிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?"

"ஆறும் முடிஞ்சுதுங்க மாமா."

"அப்ப ஹப்பை நான் தொடலீங்க. ஒருத்தர் முடிச்ச வேலைய இன்னொருத்தர் அவுத்துப் பாக்கறது மொறை இல்லீங்க."

அதன்பின் இருவரும் பின்னச்சுகளில் இறங்கினோம். இந்த வண்டியில் பின்பக்கத்துப் பட்டைக்கட்டு பக்கத்துக்கு ஒன்றுதான். நடுவில் மாட்டி, இரு முனையும் இரண்டு அச்சுகளின் மேல் வழுக்கும்படி உட்கார்ந்திருக்கும். பளுவைத்தான் அது தாங்கும். அச்சு முன்பின் நகராமல் பிடிப்பது ஆறு டார்க் ராடுகள். "ராடு புஷ் போச்சுன்னா வண்டி கோணிக்கிட்டுத்தான் ஓடும்" என்றார் மாமா. நட்டைக் கழற்றினாலும் ராடின் கூம்பு முனை விடாது. அதைப் பிடித்திருக்கும் இரும்பின் பக்கவாட்டில் அவர் சம்மட்டியால் ஒரே அடி அடிப்பார், சட்டென்று விழும். நான் அடித்தால் கை மரத்துப்போவதோடு சரி. அவர் சிரிக்கமாட்டார், "கொஞ்சம் மேலீங்க" என்பார். அந்த நாட்களில் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். வேலி இரண்டடி தள்ளித்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் ஓட்டம். பின்தொட்டியின் மரப் பெஞ்சுகளில் என் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும். மாமா என் பக்கத்தில். மலைப்பாங்கான ஊர் எங்களுடையது. வீட்டிலிருந்து இறக்கம், இறக்கத்தின் முடிவில் நெடுஞ்சாலை.

ஓட்டத்துக்கு முன் நான் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வண்டியின் பிரேக் காற்று உதவியோடு இயங்கும் எண்ணெய் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, சுற்றும் ஒன்று. ஆறில் ஒரு வீல் சிலிண்டர் பீய்ச்சிவிட்டாலும் ஆறிலும் பிரேக் போய்விடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாவியில்லாத அந்த வண்டியின் சுவிட்சைத் திருப்பினேன். இறக்கம் முழுக்க என் காது இடப்பக்கக் கடைசியிலேயே இருந்தது. முதல் மிதியிலேயே வண்டி நின்றது. "பிரேக் நல்லா புடிக்குதுங்க" என்றார் மாமா. நான் தலையாட்டினேன்.

அவர் ஊர் திரும்பிய பிறகு அந்த ஹப்பைத் திறந்தேன். மனசாட்சி உறுத்தித் திறந்தேன் என்று எழுத ஆசை. டயரின் உள்பக்கம் ஈரம் தெரிந்ததால்தான் திறந்தேன். ஸ்பிண்டிலின் சாவிக்குழி வழியாக கியர் ஆயில் கசிவது இந்த வண்டிகளில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஆயில் இறங்கி கிரீஸைக் கூழாகக் கரைத்திருந்தது. பிரேக் ஷூ ஊறிப்போயிருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினேன். பின்னாலிருந்து ஊதா நிறத்தில் பிரேக் எண்ணெய் வழிந்தது. எத்தனை மிதிக்குத் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் பிழைப்பு மென்பொருள் சோதனை. முடிந்தது என்று யாராவது சொன்னால் ஆதாரம் எங்கே என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சீல், ஷூ, சிலிண்டர் எல்லாம் மாற்றிவிட்டேன். கோட்டை அழித்து மறுபடி போட்டேன். இப்போது ஆறும் உண்மை, கணக்கு நேராகிவிட்டது என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டும் இருந்தேன். நேராகவில்லை. அன்று பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இன்று மாட்டிய சிலிண்டரால் என்ன பயன்?

மாமா இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவர். எனவே அவரிடமே சொல்கிறேன். அந்த ஆறாவது கோடு பொய் மாமா. மற்ற ஐந்தையாவது உண்மையாகப் பார்த்தீர்களா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஆனால் அதை நம்புங்கள் என்று கேட்கும் யோக்கியதையை நான்தான் தொலைத்துவிட்டேன். அடுத்த தடவை வரும்போது முறை பார்க்காதீர்கள். ஆறையும் அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.