ஒரு ரோல், முப்பத்தாறு படங்கள்

அழுகின்ற தாய்மாரைப் படமெடுப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. காணாமற்போன பிள்ளையின் புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் தாயின் படம் இல்லாமல் எங்கள் பத்திரிகைகள் வெளிவந்த வருடமே இல்லை என்று சொல்லலாம். 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் அவர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோதும் அதே படங்களைத்தான் எடுத்தோம். அந்தப் பழக்கம் என் சொந்த வீட்டுக்குள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இதுவரை நான் எழுதியதில்லை.

2004ஆம் ஆண்டு. ஏ9 பாதை திறந்து இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. தம்பிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்ததும் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் புறப்பட்டு வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகரகம வைத்தியசாலையில் இருபத்தொரு நாட்களுக்கு ஒரு தடவை மருந்தேற்ற வேண்டும். மொத்தம் ஆறு தடவைகள். கிருலப்பனை வரை ஓட்டோவில் போய், அங்கிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிப்போம். அம்மாவும் வருவார். போகும்போதும் பேசமாட்டார், திரும்பும்போதும் பேசமாட்டார். வீட்டில் யன்னலோரக் கதிரையே கதி. சாப்பாட்டுத் தட்டில் விரல் வைப்பார், உண்ணமாட்டார்.

ஒரு காலை, யன்னல் வெளிச்சம் அவருடைய பாதி முகத்தில் விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம். என் கை தன்பாட்டில் நிக்கோன் எஃப்எம்2 கமராவை எடுத்துவிட்டது. மூடி திறந்து மூடிய ஓசை கேட்டு அம்மா திரும்பினார்.

"இதென்ன, உன்ர பேப்பருக்கோ?"

அந்த வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுதான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். உள்ளே முப்பத்தைந்து படங்களுக்கு இடமிருந்த ஃபிலிம், இரண்டு மாதம் அப்படியே கிடந்தது.

மூன்றாவது மருந்தேற்றலுக்குப் பின் தம்பியின் வாயெல்லாம் புண். தலைமயிர் முழுவதும் கொட்டிவிட்டது. ஒருநாள் மாலை அவன், "அம்மா, இடியப்பமும் சொதியும் தாறியளோ? உறைப்புப் போடாமல்" என்று கேட்டான். அவ்வளவுதான். அம்மா எழுந்தார், சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், சந்தைக்குப் போனார். தேங்காய்க்காரனோடு விலைக்குச் சண்டை பிடித்துவிட்டு வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். எந்த மொழியில் சண்டை பிடித்தார் என்பது இன்றுவரை மர்மம். அம்மாவுக்குச் சிங்களத்தில் நாலு சொல்லும் தெரியாது.

துருவலையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தவரைக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். கமராவை எடுத்துவந்து, இம்முறை, "எடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"எடுக்கிறதெண்டால் பொறு, சீலையைச் சரியாக்கிறன்."

இருபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது. தன் தோற்றம் எப்படி இருக்கிறது என்ற கவலை அவருக்குத் திரும்பியிருந்தது.

அதன்பின் ஒளிப்பு மறைப்பில்லை. ஃபிளாஷ் இல்லாமல், ஐம்பது மில்லிமீற்றர் வில்லையோடு, கேட்டுவிட்டே எடுத்தேன். செப்ரெம்பரில் ரோல் முடிந்தது. அலுவலக இருட்டறையில் கழுவி, முப்பத்தாறு படங்களையும் ஒரே தாளில், வரிசைக்கு ஆறாக, அச்சிட்டு உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். நான் நினைத்திருந்த ஒழுங்கில் எதுவும் இல்லை. அம்மாவின் முகம் தெளிந்தது வைத்தியர் நல்ல செய்தி சொல்வதற்கு முன்னர். தம்பி மிகவும் மெலிந்திருந்த நாட்களில். "கட்டிகள் கரைந்துவிட்டன" என்று வைத்தியர் சொன்ன நாளின் படத்தில்தான் அம்மா எல்லாப் படங்களிலும் மூப்பாகத் தெரிகிறார். அதுவரை தாங்கிப் பிடித்தது அன்று தளர்ந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவடன், புற்றுநோயுற்ற தன் தந்தையை 1969 முதல் 1973 வரை படமெடுத்து, 1974இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். மகத்தான படங்கள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. அந்தத் தாள் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் வெளிவரவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு அதையே என் பதிலாக வைத்திருக்கிறேன்.

அம்மா 2016இல் காலமானார். தம்பி இருக்கிறான், தலைமயிரும் இருக்கிறது, என்னைவிட அதிகமாகவே. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் தெரிவு செய்ய அந்தத் தாளை அவன் முன் விரித்தேன். அவன் விரல் வைத்தது முப்பத்தோராவது படத்தில். அது நான் எடுத்ததல்ல. கட்டிலில் படுத்தபடி, கமராவை என்னிடமிருந்து வாங்கி, அவன் எடுத்தது. அம்மா கையில் சொதிக் கோப்பையோடு ஏதோ ஏசிக்கொண்டு வருகிறார். கை நடுங்கியதில் படம் முழுவதும் கலங்கல்.

அச்சகத்தார் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்து, "இதைவிடத் தெளிவான படம் இல்லையோ, ஐயா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன்.