குறட்டை விட்டா நல்லாத் தூங்குறான்னு அர்த்தமா?

சித்திரைக்கு அப்புறம் இங்க எதுவும் எழுதலை. முதல் போக நடவு ஒரு காரணம். இன்னொரு காரணம் என் குறட்டை. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

நம்ம பக்கம் குறட்டையை யாரும் நோயாப் பார்க்கிறதில்லை. "உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்டாப்புல தூங்குறான்" என்போம். நானும் முப்பது வருஷமா ராத்திரி கரண்டுக்குக் காத்திருந்து மோட்டார் ரூம் வாசல்லயோ களத்துலயோ கட்டிலைப் போட்டுப் படுத்தவன். என் குறட்டை தவளைக்கும் நாய்க்கும்தான் தெரியும்.

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்க்க தல்லாகுளத்தில் இருக்கிற மக வீட்டுக்குப் போனோம். அங்க இருக்கிறது ஒரே ஹால். வரிசையாப் பாயைப் போட்டு எல்லாரும் படுத்தோம். காலையில மூணாம் வகுப்பு படிக்கிற பேத்தி சொல்றா: "தாத்தா, நீ சத்தமா குறட்டை விட்ட. திடீர்னு நின்னு போச்சு. நான் எண்ணுனேன். இருபத்தி மூணு வரைக்கும் எண்ணிட்டேன், நீ மூச்சே விடலை. அப்புறம் 'கொர்'ருனு எந்திரிச்ச. திரும்பத் திரும்ப அப்படித்தான் பண்ணுன."

எல்லாரும் சிரிச்சோம். வீட்டுக்காரி மட்டும் சிரிக்கலை. "உங்க அப்பாருக்கும் இப்படித்தான் நின்னு நின்னு வரும். மறந்துட்டீகளா?" என்றாள்.

மறக்கலை. அப்பா வருஷம் தவறாம ஊரிலிருந்து தல்லாகுளத்துக்கு நடந்தே வருவார். அழகர் எந்த மண்டகப்படியில எப்ப நிப்பார்னு மணிக்கணக்கா அவருக்குத் தெரியும். கடைசியா அவரைக் கூட்டிட்டு வந்த வருஷம், பெருமாள் கோயில் பக்கத்துக் கூட்டத்துல கையை விட்டுட்டார். ரெண்டு மணி நேரம் தேடினோம். தமுக்கம் மைதானத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, கள்ளந்திரி கால்வாயில தண்ணி விட்டாச்சா? எங்க ஊருக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டார். என்னை யாருன்னு அவருக்குத் தெரியலை. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். அந்த நாலு வருஷத்தை நான் இங்க எழுதப்போறதில்லை.

எனக்கு இப்ப ஐம்பத்தாறு. உர மூட்டைக் கணக்கு மறக்குது. பைக் ஓட்டும்போது கண்ணு சொருகுது. ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறேன், சுகர்னு நினைச்சுட்டிருந்தேன். விடிஞ்சா தலைவலி. வயசாச்சுன்னு விட்டுட்டேன். பேத்தி எண்ணின இருபத்தி மூணுக்கு அப்புறம் பயம் வந்துருச்சு. மருமகன் தல்லாகுளத்திலேயே ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி சொல்றேன். நம்ம மோட்டார்ல உறிஞ்சுற பக்கம் கெட்டியான ஹோஸ்தான் போடுவோம். மெல்லிசு ஹோஸைப் போட்டா உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கும், தண்ணி வராது. நம்ம தொண்டை மெல்லிசு ஹோஸ் மாதிரி. முழிச்சிருக்கும்போது சதை அதை விறைப்பா பிடிச்சிருக்கு. தூங்கினா சதை தளரும், நாக்கு பின்னால சரியும். சிலருக்கு மூச்சை இழுக்கும்போது ஒட்டிக்கும். பாதி ஒட்டினா குறட்டை, முழுசா ஒட்டினா மூச்சு நின்னுரும். ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் நம்மை உலுக்கி எழுப்பும். காலையில நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினதாத்தான் நினைப்போம்.

மக வீட்டிலேயே ஒரு ராத்திரி சோதனை வச்சாங்க. மூக்குல சின்னக் குழாய், நெஞ்சுல பட்டை, விரல்ல கிளிப். மூச்சு பத்து செகண்டாவது நின்னாலோ, ரொம்பக் குறைஞ்சாலோ ஒண்ணுன்னு கணக்கு. மணிக்கு அஞ்சுக்குக் கீழ இருந்தா சரி. முப்பதைத் தாண்டினா கடுமை. எனக்கு முப்பத்தி நாலு. ஆக்சிஜன் எழுபத்தாறு வரைக்கும் இறங்கியிருக்கு.

"இதுக்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டா சார்?" என்று நேரா கேட்டேன். மழுப்பாம பதில் சொன்னார். 2011-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்திருக்கு. மறதி நோய் இல்லாத 298 வயசான பெண்கள், சராசரி வயசு 82. ராத்திரி மூச்சைச் சோதிச்சுட்டு, சுமார் அஞ்சு வருஷம் கழிச்சு ஞாபகத்தைச் சோதிச்சாங்க. மூச்சுக் கோளாறு இருந்த 105 பேர்ல 47 பேருக்கு ஞாபகக் குறைவோ மறதி நோயோ வந்திருந்தது. கோளாறு இல்லாத 193 பேர்ல 60 பேருக்கு வந்திருந்தது. அதாவது நூத்துக்கு 45-ம் 31-ம்.

காரணம் ரெண்டு சொல்றாங்க. ஒண்ணு, ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இறங்கி ஏறி இறங்கி மூளையைப் பாதிக்கிறது. இன்னொண்ணு, ஆழ்ந்த தூக்கம் அறுந்து போறது. தூங்கும்போது மூளை தன் கழிவை வேகமா அலசித் தள்ளுதுன்னு 2013-ல் எலிகள்ல பார்த்திருக்காங்க. எனக்கு வாய்க்கால் மராமத்துதான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் தூர் வாராத வாய்க்காலுக்குக் கடைசியில என்ன ஆகும்னு கடைமடைக்காரனைக் கேட்டாத் தெரியும்.

ஆனா அவர் இன்னொண்ணும் சொன்னார், அதை எழுதாம விட்டா தப்பு. குறட்டை விடுற எல்லாருக்கும் மறதி வராது. மறதி வந்த எல்லாருக்கும் இதுவே காரணமும் இல்லை. வயசு, பிரஷர், சுகர், காது மந்தம், பரம்பரை எல்லாம் சேர்ந்தது அது. 2023-ல் வந்த கணக்குப்படி நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல நூத்துக்கு ஏழு பேருக்குக் கொஞ்சம் மேல, சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கு. அப்பாவுக்கு எதனால வந்துச்சுன்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. மிஷின் போட்டா எனக்கு வராதுன்னும் யாரும் எழுதித் தரலை. "ஆனா இன்னைக்கு இருக்கிற உங்க மந்தம், கண்ணு சொருகறது, கணக்கு மறக்கிறது, இதெல்லாம் தூக்கம் கெட்டதால இருக்கலாம். அது திரும்பி வரக்கூடியது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுப்பி உட்கார வச்சது.

மிஷின்னா ஒரு சின்னப் பெட்டி. குழாய் வழியா மூக்குக்குக் காத்தை அழுத்தி அனுப்பும். தண்ணி தள்ளுற பக்கம் மெல்லிசு ஹோஸ்கூட உப்பி நிக்குமில்லையா, அதே கதைதான். 1981-ல் காலின் சல்லிவன்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் கண்டுபிடிச்சது இது. முதல்ல தூசி உறிஞ்சுற மிஷினோட மோட்டாரை வச்சுத்தான் செஞ்சாராம். நம்ம ஊர் மெக்கானிக் புத்தி!

விலையைக் கேட்டுட்டு ரெண்டு வாரம் யோசிச்சேன். ஒரு கறவை மாடு வித்தேன். எந்தக் குறட்டைக்கும் மிஷின்தான்னு நினைச்சுராதீங்க. லேசா இருந்தா எடை குறைக்கிறது, ஒருக்களிச்சுப் படுக்கிறது, குடியை விடுறதே பலருக்கு உதவும். குடிச்சுட்டுப் படுத்தா தொண்டைச் சதை இன்னும் தளரும். தூக்க மாத்திரையும் டாக்டரைக் கேக்காமப் போடக்கூடாது.

முதல் வாரம் முகமூடி ஒத்துக்கலை, தூக்கிப் போட்டேன். வீட்டுக்காரி ஒவ்வொரு ராத்திரியும் திரும்ப மாட்டிவிட்டா. இப்ப ஒரு மாசமாச்சு. ஒண்ணுக்கு ஒரு தடவைதான் எந்திரிக்கிறேன். தலைவலி இல்லை. பைக்ல கண்ணு சொருகலை. உரக் கணக்கு இன்னும் அப்பப்ப மறக்கத்தான் செய்யுது, அது கடன் கணக்காவும் இருக்கலாம்.

எனக்கு இப்ப கவலை அண்ணனைப் பத்தி. அவருக்கு அறுபத்தி நாலு. நாலு வீடு தள்ளிக் கேக்கும் குறட்டை. போன வாரம் வரப்புல நின்னு, மடை திறந்தாச்சான்னு ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டார். மதினிகிட்ட சொல்லி ராத்திரி எண்ணச் சொன்னேன். "முப்பதுக்கு மேல எண்ண பயமா இருக்கு தம்பி" என்றது. "எனக்கென்னடா நோய்? நல்லாத்தானே தூங்குறேன்" என்கிறார் அவர். களையெடுப்பு முடிஞ்சதும் எப்படியாவது தல்லாகுளம் கூட்டிட்டுப் போகணும். மகளைப் பார்க்கப் போறோம்னு சொல்லித்தான் கூப்பிடணும்.

உங்க வீட்டுலயும் யாராவது குறட்டை விட்டா, ஒரு ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க. சத்தம் வரும்போது இல்லை, நிக்கும்போது எண்ணுங்க.