பத்து நாடுகளில் ஒரு கோலம்

வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறீர்கள். பத்துப் புள்ளிக் கோலம், இருபது புள்ளிக் கோலம் எல்லாம் உங்களுக்குக் கைவந்த கலை. ஆனால் 265 புள்ளிகள் வைத்து, வடதுருவத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, கருங்கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முடித்த கோலம் ஒன்று உண்டு, தெரியுமா? நீளம் 2,820 கிலோ மீட்டர். போட்டு முடிக்கப் பிடித்த காலம் சுமார் நாற்பது வருஷம். போட்டவர்கள் பெண்கள் அல்ல. மீசையும் தாடியும் வைத்த வானசாஸ்திரிகளும் பட்டாளத்து அதிகாரிகளும்!

அந்தக் கோலத்துக்கு "ஸ்ட்ரூவே வில்" என்று பெயர். இன்று அது நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, ருஷ்யா, எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, பெலாரஸ், மால்டோவா, உக்ரைன் ஆகிய பத்து நாடுகளில் பரவிக் கிடக்கிறது. அதன் வழியே இந்தப் பக்கங்களில் ஒரு பிரயாணம் போய் வருவோம். டிக்கெட் வேண்டாம், விசா வேண்டாம். குளிருக்கு மட்டும் ஒரு சால்வையை எடுத்துக் கொள்ளுங்கள்.

சூரியன் தூங்காத ஊர்

முதலில் இறங்குவது நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள ஹாமர்ஃபெஸ்ட். மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரையில் இங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. "விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது" என்று சொல்ல வழியே கிடையாது. குளிர்காலத்திலோ இரண்டு மாதம் சூரியன் தலையையே காட்டமாட்டான்.

இந்த ஊரின் கடலோரத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. அதன் உச்சியில் வெண்கலத்தில் ஒரு பூமி உருண்டை. 1854ஆம் ஆண்டில் நாட்டியது. மூன்று தேசத்து அளவைக்காரர்கள் அரசர்களின் ஆணைப்படி உழைத்து, இந்த வடகடலிலிருந்து டான்யூப் நதி வரையில் பூமியை அளந்தார்கள் என்று லத்தீனிலும் நார்வே மொழியிலும் அதில் பொறித்திருக்கிறார்கள்.

"பூமியை எதற்காக அளக்கவேண்டும்? அது உருண்டை என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உருண்டைதான். ஆனால் கோலிக்குண்டைப் போன்ற உருண்டை அல்ல. கிச்சிலிப்பழத்தைப் போலத் துருவங்களில் சற்றே அமுங்கிய உருண்டை. எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் தேசப்படம் சரியாக வரும். கப்பல் சரியான கரைக்குப் போகும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கை வளையலையும் ஒரு வண்டிச் சக்கரத்தையும் நினைத்துக் கொள்ளுங்கள். வளையலின் மேல் ஓர் எறும்பு கால் சுற்று வர ஒரு விரல் தூரம் நடந்தால் போதும். வண்டிச் சக்கரத்தின் மேல் அதே கால் சுற்று வர இரண்டு முழத்துக்கு மேல் நடக்கவேண்டும். வளைவு எவ்வளவுக்கெவ்வளவு தட்டையோ, அவ்வளவுக்கவ்வளவு நடை அதிகம். பூமியிலும் அப்படியே. நட்சத்திரங்களைப் பார்த்து ஒரு டிகிரி வடக்கே நகர்ந்துவிட்டோம் என்று கணக்கிட்டுக் கொண்டு, அதற்கு எவ்வளவு தூரம் நடந்தோம் என்று அளந்தால், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சுமார் 110.6 கிலோ மீட்டர் வருகிறது. துருவத்துக்குப் பக்கத்தில் சுமார் 111.7 கிலோ மீட்டர். இந்த ஒரு கிலோ மீட்டர் வித்தியாசத்தில்தான் பூமியின் ரகசியம் அடங்கியிருக்கிறது.

பனிக்கட்டியின் மேல் அளவுகோல்

தெற்கே வந்தால், சுவீடனும் ஃபின்லாந்தும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் டோர்னியோ. இந்தப் பள்ளத்தாக்குக்கு 1736ஆம் ஆண்டிலேயே பாரிஸிலிருந்து மோபெர்த்துயி என்பவரின் தலைமையில் ஒரு கோஷ்டி வந்தது. நம் வீட்டு உஷ்ணமானியில் பெயர் வைத்திருக்கும் செல்ஸியஸும் அதில் ஒருவர். டிசம்பர் மாதம் உறைந்து கிடந்த ஆற்றின் பனிக்கட்டியின் மேல் அளவுகோல்களைக் கிடத்தி அளந்தார்கள். துருவம் அமுங்கித்தான் இருக்கிறது, நியூட்டன் சொன்னதே சரி என்று முடிவாயிற்று. ஆனால் அவர்கள் அளந்தது சின்னத் துண்டு. பெரிய அளவு வேண்டியிருந்தது. நூறு வருஷம் கழித்து ஸ்ட்ரூவேயின் கோஷ்டி இங்கே வந்தபோது, அலடோர்னியோ மாதா கோயிலின் கோபுரத்தையே ஒரு புள்ளியாக வைத்துக் கொண்டது.

இங்கே இன்னொரு அதிசயமும் உண்டு. முன்னொரு யுகத்தில் இந்தப் பிரதேசத்தை மைல் கணக்கில் கனமுள்ள பனிப்பாளம் அழுத்திக் கொண்டிருந்தது. பனி உருகிப் போய் ஆயிரக்கணக்கான வருஷங்களாகியும், மெத்தையிலிருந்து எழுந்து போனவர் உட்கார்ந்த இடம் மெல்ல மெல்ல உப்புவதுபோல, தரை இன்னும் மேலே எழும்பிக் கொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 8, 9 மில்லி மீட்டர்! தரைக்கு எல்லைக் கோடு தெரியுமா? சுவீடனில் எழும்பினால் ஃபின்லாந்திலும் எழும்பத்தானே செய்யும்? ஆகவே அக்கம்பக்கத்து நாடுகள் 1953ஆம் ஆண்டில் பூமி அளவைக்கென்றே ஒரு கூட்டுக் கழகம் அமைத்துக் கொண்டு, இன்றுவரை சேர்ந்தே அளந்து வருகின்றன.

ஜன்னல் வழியே குதித்த பையன்

ஃபின்லாந்து வளைகுடாவைத் தாண்டவேண்டுமே, கடலில் எப்படிப் புள்ளி வைப்பது? நடுக்கடலில் ஹோக்லண்ட் என்று ஒரு மேட்டுத் தீவு இருக்கிறது. அதன் பாறைத் தலையில் ஏறி நின்று இரு கரைகளையும் குறி பார்த்தார்கள். அந்தத் தீவு இப்போது ருஷ்யாவைச் சேர்ந்தது. அதைக் கடந்தால் எஸ்தோனியா. அதில் தார்த்து என்ற அழகிய சர்வகலாசாலை நகரம். ஊர் நடுவே மரங்கள் அடர்ந்த தூமே குன்று. குன்றின் மேல் 1810ஆம் ஆண்டில் கட்டி முடித்த வானிலைக்கூடம், இப்போது காட்சிசாலையாக இருக்கிறது. நமது கதாநாயகர் குடியிருந்த இடம் இதுதான்.

ஃபிரெடரிக் கியோர்க் வில்லெம் ஸ்ட்ரூவே 1793ஆம் ஆண்டில் ஜெர்மன் நகரான ஹாம்பர்கை அடுத்த ஆல்டோனாவில் பிறந்தவர். தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அது நெப்போலியன் காலம். பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் இந்தப் பையனையும் பிடித்து அடைத்துவிட்டார்களாம். மாடி ஜன்னல் வழியே குதித்துத் தப்பி ஓடினான் என்று கதை சொல்லுகிறார்கள். 1808ஆம் ஆண்டில், பதினைந்தாவது வயதில், அண்ணன் இருந்த தார்த்து நகரத்துக்கு வந்து சேர்ந்தான். படித்தது முதலில் மொழி இலக்கணம். மனம் போனது நட்சத்திரங்களிடம். பிற்பாடு அந்த வானிலைக்கூடத்துக்கே தலைவரானார்.

குடும்ப விஷயமும் கொஞ்சம் கேட்டுக் கொள்ளுங்கள். இரண்டு விவாகங்களில் அவருக்கு மொத்தம் பதினெட்டுக் குழந்தைகள். முதல் மனைவி எமிலி பன்னிரண்டு பெற்று, 1834ஆம் ஆண்டில் காலமானார். கணவர் பூமியை அளக்கப் போன கோடைகளில் அத்தனை குழந்தைகள் இருந்த வீட்டை அந்த அம்மாள் என்ன பாடுபட்டு நடத்தியிருப்பார்! ஹாமர்ஃபெஸ்ட் தூணில் அரசர்களின் பெயர்தான் இருக்கிறது.

ஒரு பக்கம் அளந்தால் போதும்

காடும் சதுப்பும் ஏரியுமாகக் கிடக்கும் தேசத்தில் 2,820 கிலோ மீட்டரை நாடா பிடித்து அளக்க முடியுமா? முடியாது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் துல்லியமாக அளந்து கொள்ளவேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் மூன்றாவது புள்ளியைக் குறி பார்த்துக் கோணத்தைக் குறித்துக் கொண்டால், மற்ற இரண்டு பக்கமும் கணக்கிலேயே வந்துவிடும். அதில் ஒரு பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், பிறகு அடுத்தது. இப்படி 258 முக்கியமான முக்கோணங்கள். வழியில் தவறு சேர்ந்துவிடாதபடி பத்து இடங்களில் தரையில் அளந்து சரிபார்த்தார்கள். எஸ்தோனியாவில் சீமுனாவுக்கும் வொய்வெரேக்கும் இடையே 1827ஆம் ஆண்டில் இரும்புக் கோல்களை வரிசையாக வைத்து அப்படித்தான் அளந்தார்கள். வெயில் ஏறினால் இரும்பு நீளும். ஆகவே உஷ்ணத்தையும் கூடவே குறித்தார்கள்.

தெற்கே லித்துவேனியப் பக்கத்தில் ருஷ்யப் பட்டாளத்து அதிகாரி டென்னர் என்பவரும், 1816ஆம் ஆண்டிலிருந்தே, ஸ்ட்ரூவேயைப் பற்றி நினையாமல் தம் பாட்டுக்கு அளந்து கொண்டிருந்தார். பட்டாளத்துக்குப் பயந்து ஜன்னலில் குதித்தவருக்குப் பட்டாளத்துக்காரரே கூட்டாளியாக வாய்த்ததைப் பாருங்கள்! இரண்டு சங்கிலிகளையும் இணைப்பது என்று தீர்மானமாயிற்று. ஆனால் இருவருடைய அளவுகோல்களும் வெவ்வேறு. ஜாக்கெட்டின் முன்பக்கத்தை ஒரு தையற்காரரும் பின்பக்கத்தை இன்னொருவரும் வேறு வேறு டேப்பினால் அளந்து வெட்டினால் என்ன ஆகும்? கோலையும் கோலையும் பக்கத்தில் வைத்து, மயிரிழை வித்தியாசத்தையும் கணக்கிட்ட பிறகே ஒட்டுப் போட்டார்கள். வடக்கே சுவீடனில் செலாண்டரும் நார்வேயில் ஹான்ஸ்டீனும் தங்கள் பங்கைச் செய்தார்கள். 1855ஆம் ஆண்டில் வேலை நிறைவேறிற்று.

காணாமற்போன புள்ளிகள்

அப்பொழுது இந்த வில் இரண்டே ராஜ்யங்களுக்குள் அடங்கியிருந்தது. ஒன்று ருஷ்ய சாம்ராஜ்யம். மற்றொன்று ஒரே அரசரின் கீழ் இணைந்திருந்த சுவீடனும் நார்வேயும். பிறகு எத்தனை யுத்தங்கள்! எத்தனை எல்லைகள்! புள்ளிகளோ எளிமையானவை: பாறையில் துளைத்த ஒரு துவாரம், ஓர் இரும்புச் சிலுவை, ஒரு கற்குவியல். அவற்றின் மேல் காடு வளர்ந்தது; ஏர் ஓடிற்று; ஜனங்கள் மறந்தே போனார்கள்.

1993ஆம் ஆண்டில், ஸ்ட்ரூவே பிறந்து இருநூறு ஆண்டானதை ஒட்டித் தார்த்து நகரில் கூடிய விஞ்ஞானிகள், இந்தப் புள்ளிகளைத் தேடிக் காக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். பழைய குறிப்பேடுகளைப் பிரித்து வைத்துக் கொண்டு நாட்டுக்கு நாடு தேடினார்கள். லாட்வியாவில் யேகப்பில்ஸ் நகரத்துப் பூங்காவில் ஒன்று. மால்டோவாவில் ரூதி கிராமத்தருகே ஒன்று. உக்ரைனில் டான்யூப் அருகே ஸ்டாரோ நெக்ரசோவ்கா கிராமத்தில் கடைசிப் புள்ளி. பத்து நாடுகளும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டன. 2005ஆம் ஆண்டில் 34 புள்ளிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. நார்வேக்கு நான்கு, பெலாரஸுக்கு ஐந்து, மால்டோவாவுக்கு ஒன்று என்று பங்கு பிரிந்திருந்தாலும், எந்த நாடும் தன் புள்ளிகளை மட்டும் வைத்துக் கொண்டு வில்லை வளைக்க முடியாது.

நம் பிரயாணம் இங்கே டான்யூப் கரையில் முடிய வேண்டும். ஆனால் இன்று இந்த வழியை ஒருவர் நேரே நடந்து முடிக்க முடியாது. 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. கடைசிப் புள்ளிக்குப் பக்கத்து நகரமான இஸ்மாயிலின் துறைமுகத்தில் 2023 ஆகஸ்டில் ருஷ்ய ட்ரோன்கள் வந்து விழுந்தன. ஒரே கோலத்தின் ஒரு புள்ளியை வைத்திருப்பவர் மற்றொரு புள்ளியை வைத்திருப்பவர் மீது குண்டு போடுகிறார். ஹோக்லண்ட் தீவின் பாறைத் துவாரத்துக்கும் டான்யூப் கரையின் தூணுக்கும் இது தெரியாது. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் இன்னும் அதே கணக்குத்தான்.

பரங்கிமலையின் பங்கு

"இதெல்லாம் எங்கேயோ குளிர் தேசத்துச் சமாசாரம்" என்று எண்ணிவிடாதீர்கள். 1802ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் துரை தமது முதல் தரை அளவைத் தொடங்கினார். அதிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் குமரி முதல் இமயத்தின் அடிவாரம் வரையில் சென்றன. 1866ஆம் ஆண்டில் கிளார்க் என்ற ஆங்கில அதிகாரி பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டபோது, ஸ்ட்ரூவேயின் வில்லையும் இந்திய வில்லையும் வேறு பல தேசத்து அளவுகளையும் ஒரே கணக்கில் சேர்த்தார். பனிக்கட்டி தேசத்தில் விறைத்த கையும், நம் ஊர் வெயிலில் வியர்த்த கையும் ஒரே விடையில் கலந்தன.

ஆகவே, சகோதரிகளே, அடுத்த முறை மின்சார ரயிலில் போகும்போது பரங்கிமலை ஸ்டேஷன் வந்தால், பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மலையைக் காட்டுங்கள். "பூமியை அளக்க நம் ஊரிலும் ஒரு புள்ளி வைத்தார்கள்" என்று சொல்லுங்கள். "மற்றப் புள்ளிகள் எங்கே?" என்று குழந்தை நிச்சயமாகக் கேட்கும். அப்போது ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஆரம்பித்து, பத்து நாடுகளின் பெயரையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.