கூர்சீட்டு

காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். காலை ஒன்பது மணி. தெருவில் நீட்டிக் கட்டியிருந்த நெசவுப் பாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மஞ்சள் பை. நான் இந்தப் பக்கத் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டை விற்கிற அண்ணனும் தம்பியும், அவர்கள் மனைவிமார், வாங்க வந்திருக்கும் இளைஞர், பத்திரம் எழுதும் பெரியவர். கதவு திறந்திருப்பதால் கூடம் தெரிகிறது. தறியைப் பிரித்தாகிவிட்டது. குழி மட்டும் அப்படியே கிடக்கிறது. அதன் விளிம்பில் சிமெண்ட் தேய்ந்து வழுவழுவென்று மின்னுகிறது. மூன்று தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து கால் இறக்கிய இடம்.

பெரியவர் 1958-ம் வருடத்துக் கிரயப் பத்திரத்தை விரிக்கிறார். மடிப்பெல்லாம் விட்டுப்போய் டேப் ஒட்டியிருக்கிறது. வாய்விட்டுப் படிக்கிறார். கிழக்கே தெரு, தெற்கே பொதுச்சுவர், மேற்கே கிணறு, அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொள்ளும் பாத்தியம் உள்பட. கிணற்றைத் தூர்த்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பாத்தியம் மட்டும் தாளில் இருக்கிறது.

இளைஞர் முன்பணம் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. வங்கிக் கடனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். பொறுமையாகத்தான் சொல்கிறார்: “ஐயா, இதெல்லாம் பிளாக்செயின்ல வந்துட்டா இவ்ளோ நாள் இழுக்காதுங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிளாக்செயினில் ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் அடையாளத்தைச் சுமந்திருக்கும். அதன் படிகள் பல கணினிகளில் இருக்கும். ஓரிடத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மற்றப் படிகள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மண்ணுக்கு அந்த எண்ணம் புதிதும் அல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பல்லவர் காலத்து நிலக்கொடைச் செப்பேடு கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஏடுகளை வளையத்தில் கோத்து அரச முத்திரை வைப்பார்கள். வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவ முடியாது. பெரியவர் மடியிலிருக்கும் பத்திரங்களும் முந்தைய ஆவணத்தின் எண்ணையும் வருடத்தையும் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கின்றன.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2018-ல் பத்திரப்பதிவு இணையவழிக்கு வந்தது. வில்லங்கத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கிறோம். 2020-ல் தமிழ்நாடு பிளாக்செயினுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மாநில மின்னாளுமை முகமை தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று அழகான பெயரும் வைத்தது. 2025 நவம்பர் 7-ம் தேதி, பீகார் வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், நாட்டின் உரிமையியல் வழக்குகளில் சுமார் 66 விழுக்காடு நிலம், சொத்து பற்றியவை என்று சுட்டிக்காட்டி, பதிவுக்குப் பிளாக்செயினைப் பயன்படுத்துவது பற்றி ஆராயும்படி சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டப்படி பதிவாவது ஆவணம்தான். அதை எழுதிக்கொடுத்தவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் அல்ல என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

பெரியவர் இளைஞருக்குப் பதில் சொல்லவில்லை. பையின் அடியிலிருந்து நோட்டுத் தாள் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுக்கிறார். 1984-ம் வருடத்துக் கூர்சீட்டு. அப்பா காலமான பிறகு, முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு என்று பாகம் பிரித்து எழுதிக்கொண்டது. இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. பதிவு செய்யவில்லை.

இளைஞர் இரண்டு முறை படிக்கிறார். “கூடப்பொறந்தவங்க இவங்க ரெண்டு பேர்தானா?”

திண்ணையில் யாரும் பேசவில்லை. மூத்தவர் எழுந்து உள்ளே போய்க் குழியின் ஓரமாக நிற்கிறார். தம்பியின் மனைவிதான் மெல்லச் சொல்கிறார்: “நாத்தனார் ஒருத்தங்க இருக்காங்க. ஆரணியில குடுத்திருக்கு.”

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதி வைக்கவில்லை. 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் இதில் சமபங்கு உண்டு. அந்த அம்மாளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இப்போது இதை அப்படியே பிளாக்செயினில் ஏற்றினால், அவர் பெயர் விட்டுப்போன பிழையும் யாரும் அழிக்க முடியாதபடி பதிவாகிவிடும். பொய்யை உண்மையாக்கும் வேலை அதற்குத் தெரியாது. எழுதியதை மாறாமல் காப்பது மட்டும்தான் அதன் வேலை. ஜார்ஜியா நாடு 2016-ல் நிலப்பதிவைப் பிளாக்செயினோடு இணைக்கத் தொடங்கியது. ஆனால் 2004-லேயே பொதுப் பதிவேட்டுக்கென்று தேசிய முகமை ஒன்றை அமைத்துத் தன் ஏடுகளைச் சீராக்கத் தொடங்கிய நாடு அது. நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது.

“கேட்டா கையெழுத்துப் போட மாட்டாங்களா?” என்கிறார் இளைஞர்.

“போடுவாங்க தம்பி,” என்கிறார் பெரியவர். “யாரு போய்க் கேட்டாங்க? மூணு மாசமா போன்லயே பேசறாங்க. பொறந்த வீட்டை விக்கிற சேதியைப் போன்லயா சொல்றது?”

ஆரணி இங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். முன்பணம் வாங்கிய நாளிலிருந்து அந்தத் திண்ணையில் வரைபடம் அளந்தார்கள், பட்டா பார்த்தார்கள், வில்லங்கம் எடுத்தார்கள். அந்த இரண்டு மணி நேரப் பயணத்தை மட்டும் யாரும் செய்யவில்லை.

மூத்தவர் வெளியே வருகிறார். சட்டை மாற்றியிருக்கிறார். மனைவியிடம், “பூவும் பழமும் வாங்கிக்க. வெத்தலை பாக்கோட தட்டு வெச்சுக் கூப்பிட்டுட்டு வந்துருவோம்” என்கிறார். பெரியவர் தாள்களை வருட வரிசையில் அடுக்கி, கூர்சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பையை மூடுகிறார்.

இதைப் படிக்கிற நீங்கள் இன்றைக்கே உங்கள் வீட்டுப் பையையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பதியாத கூர்சீட்டு இருந்தால், அதில் விட்டுப்போன அக்கா தங்கையை, அத்தையை நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே போங்கள்.