நரம்பு ஏன் அறுகிறது?

புல் வெட்டும் டிரிம்மரில் சுழல்வது கத்தி இல்லைங்க, நைலான் நரம்பு. 1971ல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ், கார் கழுவும் பிரஷ் சுழல்வதைப் பார்த்து, பாப்கார்ன் டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோர்த்துச் சுற்றவிட்டதில் பிறந்த மெஷின் இது.

நரம்பு அடிக்கடி அறுந்தால் பலரும் தடிமனானதைத் தேடுவார்கள். 2 மி.மீ. நரம்புக்கான மெஷினில் 3 மி.மீ. போட்டால் வேகம் குறையும், இன்ஜின் திணறிச் சூடாகும். கூலிக்குப் புல் வெட்டுபவருக்கு நரம்புக் காசு மிச்சம், ரிப்பேர் செலவு மிச்சமில்லை!

சரி, என்ன செய்யலாம்? நைலான் ஈரத்தை உறிஞ்சும். காய்ந்து கிடந்தால் மொடமொடத்து ஒடியும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி வளையும். கம்பி வேலி, கல் பக்கம் கொஞ்சம் தள்ளியே பிடிக்க வேண்டும். புது நரம்பு வாங்கும் முன், பழசை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்களேன் :-)