அடுப்படியில் பிழைத்த மொழி



"டீச்சர், ஸ்பெயின்ல என்ன பார்த்தீங்க?" என்று பலரும் கேட்டீர்கள். பார்சிலோனாவில் படிக்கும் மகளோடு பிப்ரவரியில் மூன்று வாரம் இருந்தேன். எல்லாவற்றையும் எழுதினால் நீளும். அவளுடைய கல்லூரி மாணவர்களோடு போய்வந்த ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

பார்சிலோனா இருக்கும் பகுதிக்குக் கட்டலோனியா என்று பெயர். ஸ்பானிஷ் தவிர, கட்டலான் என்ற சொந்த மொழியும் அவர்களுக்கு உண்டு. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் பெனெடெஸ். கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைத் தோட்டம். குளிர்காலம் என்பதால் இலையில்லாமல் கட்டை கட்டையாக நின்றது.

அங்கே சான்ட் சதுர்னி என்ற ஊரில், நுரை பொங்கும் 'காவா' வைன் செய்கிறார்கள். 1872-ல் தொடங்கிய தொழில். நிலத்தடி அறைகளில் புட்டிகள் குறைந்தது ஒன்பது மாதம் படுத்துக் கிடக்கின்றன. புட்டிக்குள்ளேயே வைன் மறுபடி நொதிப்பதால்தான் அந்த நுரை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேரைத் தாக்கும் ஒரு சிறு பூச்சி வந்து தோட்டங்களையெல்லாம் அழித்ததாம். அமெரிக்கத் திராட்சையின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். வேர் அயலூர், பழம் சொந்த ஊர்!

மதியம் 'கல்சோட்' விருந்து. நீளமான வெங்காயத்தாளைத் தீயில் கருகச் சுட்டு, கருந்தோலை உருவிவிட்டு, பாதாம், தக்காளி, பூண்டு அரைத்த சட்னியில் தோய்த்து, அண்ணாந்து வாயில் இறக்க வேண்டும். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டும் தருகிறார்கள். வைனைப் 'புர்ரோ' என்ற மூக்குள்ள கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, உதடு படாமல் எல்லோரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். எனக்குத் திராட்சைச் சாறு. நம் வீட்டுச் செம்பில் பழகிய கை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. பிள்ளைகள் கை தட்டினார்கள்!

வழிகாட்டியாக வந்த அம்மாவும் ஓய்வுபெற்ற ஆசிரியைதான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஒவ்வொரு பண்டத்தின் பெயரையும் கட்டலானில் சொல்லிக் கொடுத்தார். "பள்ளியில் படித்ததா?" என்று மகள் மூலம் கேட்டேன். "இல்லை, அம்மாவின் அடுப்படியில்" என்றார். 1939 முதல் 1975 வரை, பிராங்கோவின் ஆட்சியில், பள்ளிகளில் ஸ்பானிஷ்தான். வீட்டில் பேசிய மொழியை எழுதக் கற்றதே வேலைக்கு வந்த பிறகுதானாம். பின்னர் 1983-ல் வந்த சட்டம் அதற்குப் பள்ளியில் இடம் கொடுத்தது. "கரும்பலகையில் என் மொழியை முதன்முதலாக எழுதியபோது கை நடுங்கியது" என்றார். இத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த எனக்கு அந்த நடுக்கம் புரிந்தது.

தமிழை நம்மிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. ஆனாலும் என் மாணவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர், "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று வீடியோ காலில் அழகாகக் கேட்பார்கள், இந்தப் பதிவை வாசிக்கத் தெரியாது. பேச்சு அடுப்படியில் வந்துவிடும். எழுத்தை யாராவது உட்கார வைத்துத்தான் சொல்லித்தர வேண்டும்.

ஞாயிறுதோறும் அரை மணி நேரம் போதும். பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு வரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் வைத்திருக்கிறேன். திருத்தி, 'நன்று' போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்