இருந்ததை விடுவிக்கும் கலப்பு

பிஸ்மத் ஃபெரைட்டில் லாந்தனம் சேர்த்தால் காந்தம் கூடுகிறது. லாந்தனத்துக்கோ காந்தப்பண்பு கிடையாது. இந்தத் துறையில் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் இதுதான்.

மின்முனைவும் காந்த ஒழுங்கும் அறை வெப்பநிலையிலேயே சேர்ந்திருக்கும் அபூர்வமான மல்ட்டிஃபெராயிக் படிகம் பிஸ்மத் ஃபெரைட். அதன் காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரை தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு இரும்பு அயனியிலும் இணை சேராத எலக்ட்ரான்கள் 5. அப்படியும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் பொடி ஒட்டாது. அடுத்தடுத்த இரும்புகளின் ஸ்பின்கள், அதாவது அந்த எலக்ட்ரான்கள் தரும் சிறு காந்தங்கள், எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. அவை சற்றே சாய்ந்து நிற்பதால் மிஞ்சும் சிறு காந்தத்தையும், 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்றாகப் படிகம் நெடுகச் சுழலும் ஸ்பின் சுருள் விழுங்கிவிடுகிறது. இந்தச் சுருளை 1982-இல் நியூட்ரான் சிதறல் வழியே காட்டியவர்கள் இஸபெலா சொஸ்னோவ்ஸ்காவும் அவருடைய கூட்டாளிகளும்.

லாந்தனம் பிஸ்மத்தின் இடத்தில் போய் உட்காரும். இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆனால் பிஸ்மத்திடம் உள்ள பிணையாத எலக்ட்ரான் இணை லாந்தனத்திடம் இல்லை. அயனிகளை நடுவிலிருந்து நகர்த்தி மின்முனைவைத் தருவதே அந்த இணைதான். ஆங்காங்கே அது இல்லாமல் போகவும் படிகத்தின் உருக்குலைவு தளர்கிறது. முறுக்கிய கயிற்றில் புரி அவிழ்வதுபோல் ஸ்பின் சுருளும் குலைகிறது. அடங்கிக் கிடந்த காந்தம் வெளியே தெரிகிறது. நாங்கள் காந்தத்தைக் கொண்டுவந்து போடவில்லை. உள்ளே இருந்ததை விடுவிக்கிறோம். அதற்கு விலையும் உண்டு. லாந்தனம் கூடக்கூட மின்முனைவு குறையும். இரண்டையும் காப்பாற்றும் அளவைத் தேடுவதில்தான் எங்கள் உழைப்பெல்லாம் போகிறது.

அந்த உழைப்பு தராசில் தொடங்குகிறது. லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளும். நன்றாகச் சுட்டு, ஆறியதும் எடைபோடாவிட்டால் நாம் நிறுத்ததில் ஒரு பங்கு தண்ணீராகத்தான் இருக்கும். பிஸ்மத் ஆக்சைடு உலைச் சூட்டில் ஆவியாகும் என்பதால் சற்றே கூடுதலாகப் போடுவோம். மஞ்சள் நிற பிஸ்மத் ஆக்சைடையும் லாந்தனம் ஆக்சைடையும் சிவப்பு இரும்பு ஆக்சைடையும் அகேட் கல்வத்தில் கலந்து, நிறம் எங்கும் ஒன்றாகும்வரை அரைப்போம். எஃகுக் கரண்டி அந்தப் பக்கமே வரக் கூடாது.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. விடுபடும் காந்தம் மிகச் சிறியது. பெரும்பாலும் கிராமுக்கு ஒரு இ.எம்.யு.வுக்கும் (காந்த அளவின் அலகு) குறைவு. மாசாக வரக்கூடிய இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டின் காந்தமோ கிராமுக்குச் சுமார் 90 இ.எம்.யு. ஆயிரத்தில் ஒரு பங்கு மேக்னடைட் ஒளிந்திருந்தாலே 0.09 வந்துவிடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படத்தில் அவ்வளவு குறைந்த மாசு தெரியாது. காந்தமானியோ அழகான ஹிஸ்டெரிசிஸ் வளையம் வரைந்து காட்டும்; அது படிகத்தின் காந்தமா, மாசின் காந்தமா என்று வளையம் சொல்லாது.

சூடேற்றிப் பார்த்தால் தெரியும். 370 டிகிரியை ஒட்டிக் காந்தம் அடங்கினால் அது படிகத்தினுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தாண்டி 580 டிகிரி வரை நீடித்தால் அது மேக்னடைட். லாந்தனம் சேர்க்காத மாதிரியையும் அதே உலையில், அதே முறையில் செய்து, பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது அந்தக் கலக்காத மாதிரியின் அளவீட்டைத்தான். அது கையில் இல்லாதவரை, கூடிய காந்தத்தை லாந்தனத்தின் கணக்கில் எழுத நமக்கு உரிமை இல்லை.